இணையத்தை அணைக்கும் கையெழுத்துக்கு ஒரு வரம்பு வேண்டும்

மதிப்பிற்குரிய மக்களவை உறுப்பினர்களுக்கு, குறிப்பாகத் தமிழில் வாக்குக் கேட்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தவர்களுக்கு,

வணக்கம்.

மலேசியாவின் 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் 266 என்று ஒரு பிரிவு இருக்கிறது. பொது நெருக்கடி ஏற்பட்டாலோ, பொதுப் பாதுகாப்புக்குத் தேவை என்றாலோ, மாமன்னர் அல்லது அவர் அதிகாரமளித்த அமைச்சர் தொலைத்தொடர்புச் சேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ நிறுத்தலாம் என்கிறது அது. எத்தனை நாளுக்கு என்று அதில் வரம்பு இல்லை. ஆணையை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று இல்லை. நிறுத்தியது சரிதானா என்று ஒரு நீதிபதி பார்த்தாக வேண்டும் என்றும் இல்லை. இந்தப் பிரிவைத் திருத்தச் சொல்லிக் கேட்பதற்குத்தான் இந்த மடல்.

"நம் நாட்டில் யார் இணையத்தை அணைத்தார்கள், எதற்கு இப்போது இந்தப் பேச்சு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாடு முழுக்க இணையம் அணைக்கப்பட்ட நாள் மலேசியாவில் இதுவரை வந்ததில்லை. அதனால்தான் இப்போது கேட்கிறேன். தெருவில் தீ எரிகிற ராத்திரியில் சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்து நிதானமாகத் திருத்த யாருக்கும் பொறுமை இருக்காது. அன்றைக்குக் கையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் எடுப்பார்கள். கையில் இருப்பது வரம்பில்லாத ஓர் அதிகாரம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் கோலாலம்பூர் லெபோ அம்பாங்கை ஒட்டிய ஒரு பணம் அனுப்பும் கடையில் கவுண்டரில் உட்காருகிறவன். ஒரு காலத்தில் செட்டியார்கள் கணக்குப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த தெரு அது. இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் வங்காளமும் நேப்பாளியும் பர்மியமும் தமிழும் ஒரே நடைபாதையில் காதில் விழும். சம்பளம் வந்த வாரம் எங்கள் வரிசை வாசலைத் தாண்டும். பணத்தைக் கட்டியதும் யாரும் கிளம்பிவிட மாட்டார்கள். ரசீதில் உள்ள எண்ணைக் கைப்பேசியில் படம் பிடித்து, அங்கேயே நின்று வீட்டுக்கு அனுப்பி, கிடைத்தது என்று பதில் வந்த பிறகுதான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போவார்கள். அந்தப் பதில் வராமல் போன நாட்களை நான் பார்த்திருக்கிறேன்.

2024 ஜூலையில் டாக்காவில் மாணவர் போராட்டம் முற்றியபோது, 18-ஆம் தேதி இரவு பங்களாதேஷ் முழுக்க இணையம் துண்டிக்கப்பட்டது. கம்பிவழி இணையம் ஐந்து நாள் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கைப்பேசி இணையம் 28-ஆம் தேதிதான் வந்தது. அந்த நாட்களில் எங்கள் கடைக்கு வந்த பங்களாதேஷ் தொழிலாளர்களில் பலர் பணம் அனுப்ப வரவில்லை. முன்பு அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று கேட்க வந்தார்கள். ஊரில் பலருக்கு வங்கிக் கணக்கே கைப்பேசிக்குள்தான் இருக்கிறது. செயலி திறக்கவில்லை என்றால் கையில் காசில்லை. ஒரு கட்டுமானத் தொழிலாளி கைப்பேசியைக் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். இமோ செயலியில் மனைவிக்கு அனுப்பிய குரல் செய்திகள் ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒன்றுகூடப் போய்ச் சேராமல் நின்றன. மனைவிக்கு மாதம் நிறைந்திருந்தது. சாதாரண அழைப்பில் லைன் கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை என்ற நிலை. "அபாங் (அண்ணா), உங்கள் கம்ப்யூட்டரில் அங்கே தெரியுமா?" என்று மலாயில் கேட்டார். எங்கள் திரையில் என்ன தெரியும்? 'நிலுவையில்' என்ற ஒரு வார்த்தைதான் தெரிந்தது.

அன்றைய பங்களாதேஷ் அரசு தரவு மையத்தில் தீ, கேபிள் சேதம் என்றெல்லாம் காரணம் சொன்னது. இணையம் தானாகவே நின்றுவிட்டது என்றுகூட அமைச்சர் ஒருவர் பேசினார். ஆகஸ்ட் 5-இல் அந்த ஆட்சி விழுந்தது. அடுத்து வந்த இடைக்கால அரசு விசாரித்து, தீக்கும் துண்டிப்புக்கும் தொடர்பில்லை, மேலிருந்து வந்த உத்தரவின்பேரில்தான் நிறுத்தினார்கள் என்று அறிவித்தது. ஒரு நாட்டின் இணையத்தையே நிறுத்தியவர்கள், நிறுத்தியது நாங்கள்தான் என்று ஒப்புக்கொள்ளக்கூட வேண்டியிருக்கவில்லை. உத்தரவு வாய்மொழியாகவும் ரகசியமாகவும் இருக்கலாம் என்றால் இதுதான் நடக்கும். எந்த உத்தரவும் எழுத்தில் வெளிவர வேண்டும் என்று நான் கேட்பதற்கு இது முதல் காரணம்.

அடுத்த ஆண்டு நேப்பாளம். இங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளின் காவல் சாவடியில் உட்கார்ந்திருக்கும் நேப்பாளி காவலர்களை உங்களுக்குத் தெரியும். இரவுக் காவலில் அவர்களுக்குத் துணை கைப்பேசிதான். 2025 செப்டம்பர் 4-இல் நேப்பாள அரசு 26 சமூக ஊடகங்களை முடக்க ஆணையிட்டது. காரணம், அவை அரசிடம் பதிவு செய்துகொள்ளவில்லை என்பது. பதிவு செய்திருந்த டிக்டாக், வைபர் போன்ற சில மட்டும் தப்பின. செப்டம்பர் 8-இல் இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். அன்று ஒரே நாளில் 19 பேர் இறந்தார்கள். தடை அன்று இரவே நீங்கியது. மறுநாள் பிரதமர் பதவி விலகினார். ஊழல் மீது ஏற்கெனவே கோபம் இருந்தது, ஊடகத் தடை மட்டுமே காரணம் இல்லை என்பது தெரியும். ஆனால் பதிவு, உரிமம் என்று அலுவலக விவகாரமாகத் தொடங்கியது எங்கே போய் முடிந்தது என்று பாருங்கள். நம் நாட்டிலும் 2025 ஜனவரி 1 முதல் 80 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடகங்களுக்கு உரிமம் கட்டாயம். உரிமம் வாங்காத நிறுவனத்துக்கு அபராதம் போடுங்கள், வழக்குப் போடுங்கள். அந்தச் சண்டையில் பயனர்களின் வாயைக் கட்டும் வழி மட்டும் சட்டத்தில் இருக்கக்கூடாது.

இவையெல்லாம் அடுத்தவர் நாட்டுக் கதை என்று தோன்றினால், நம் உறவுக்காரர்கள் கதைக்கு வருகிறேன்.

2018 மே 22-இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் காவல்துறை சுட்டு 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையச் சேவையை நிறுத்த ஆணை வந்தது. வதந்தி பரவக்கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். கோலாலம்பூரில் அந்த மூன்று மாவட்டங்களோடு தொடர்பில்லாத தமிழ் உணவகம் ஒன்று உண்டா? மஸ்ஜித் இந்தியா பக்கம் ஓர் உணவகத்தில் தோசைக்கல்லில் நின்ற திருச்செந்தூர்க்காரர் ஒருவர் எங்கள் கடைக்கு மாதாமாதம் வருவார். அவர் தம்பி அன்று ஊர்வலத்துக்குப் போயிருந்தார். அவருடைய வாட்ஸ்அப்பில் சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் இங்கிருந்தும் படம் படமாக வந்து குவிந்தது. ரத்தம் தோய்ந்த சட்டைகள், முகம் தெரியாத உடல்கள், எந்த ஊர், எந்தத் தேதி என்று யாருக்கும் தெரியாதவை. எல்லா ஊரிலிருந்தும் செய்தி வந்தது, தூத்துக்குடியிலிருந்து மட்டும் வரவில்லை. தம்பி வீட்டில் பத்திரமாக இருக்கிறார் என்பது கடைசியில் ஒரு சாதாரணத் தொலைபேசி அழைப்பில்தான் தெரிந்தது.

வதந்தியை நிறுத்துகிறோம் என்று இணையத்தை அணைத்தால், அணைக்கப்பட்ட இடத்துக்கு வெளியே வதந்தி தாராளமாக ஓடிக்கொண்டே இருக்கும். நிற்பது ஒன்றுதான்: "இல்லை, நான் இங்கேதான் இருக்கிறேன், அப்படி நடக்கவில்லை" என்று சொல்லக்கூடியவரின் குரல். நேரில் பார்த்தவரை ஊமையாக்கிவிட்டு, பார்க்காதவரைப் பேசவிடுகிறது இந்த ஏற்பாடு.

இலங்கையிலும் இதேதான். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்கள் மீது வன்முறை நடந்தபோது முகநூலும் வாட்ஸ்அப்பும் வைபரும் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு மறுபடி, அந்த மாதக் கடைசி வரை. 2022 ஏப்ரல் 3-இல் மக்கள் ராஜபக்ச ஆட்சிக்கு எதிராகத் திரண்டபோது மீண்டும் ஒருமுறை. 2018-லும் 2019-லும் உயிர்களைக் காப்பாற்ற என்றார்கள். 2022-இல் யாரைக் காப்பாற்ற? பிரிக்பீல்ட்ஸில் யாழ்ப்பாண வம்சாவளிக் குடும்பங்களின் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 90-களில் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசியே இல்லாமல், கடிதம் ஒன்று வந்து சேருமா என்று காத்திருந்த காலத்தை இன்றும் குரல் தழுதழுக்கத்தான் சொல்வார்கள்.

இங்கே இனக் கலவரம் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது 1969 மே 13. இணையத்தை நிறுத்தும் அதிகாரம் வேண்டும் என்பவர்கள் முதலில் எடுப்பதும் அதைத்தான். அவர்கள் அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என் வீட்டிலும் அந்த நாட்களை வாழ்ந்தவர்கள் உண்டு. ஆனால் 1969-இல் இணையம் என்ற ஒன்றே இல்லை. நாளிதழ்களையும் சில நாள் நிறுத்தி வைத்தார்கள். வதந்தி நின்றதா? ஊரடங்குக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவர்களுக்கு வதந்தியைத் தவிர வேறு செய்தியே இல்லை.

2018 நவம்பர் 26-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சுபாங் ஜெயா, யூஎஸ்ஜே 25, சீபீல்ட் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம். அதிகாலையில் ஆட்கள் ஆலயத்துக்குள் புகுந்தார்கள். கார்கள் எரிந்தன. அடுத்த இரவும் கலவரம். காயமடைந்த தீயணைப்பு வீரர் ஒருவர் டிசம்பரில் இறந்தார். அந்த இரண்டு ராத்திரியும் நம் கைப்பேசிகளுக்கு வந்த குரல் செய்திகளில் பாதி பயமுறுத்துபவை, யார் பேசுகிறார் என்றே தெரியாதவை. அது உண்மை. அதே கைப்பேசிகளில்தான் சம்பவ இடத்தில் நின்றவர்கள் எடுத்த காணொளிகளும் வந்தன. இது இனச் சண்டை இல்லை, நிலத் தகராறில் ஆட்களை ஏவிவிட்ட விவகாரம் என்று உள்துறை அமைச்சர் கொடுத்த விளக்கமும் அதே வழியாகத்தான் வந்தது. பேரனிடம் கைப்பேசியைக் கொடுத்து அந்தச் செய்தியை உரக்கப் படிக்கச் சொன்ன பாட்டிகள் செந்தூல் அடுக்குமாடிகளில் இருந்தார்கள். இணையம் அன்று அணைந்திருந்தால் விளக்கமும் அணைந்திருக்கும். நம் நாடு அந்த ராத்திரியைத் தாண்டியது இணையத்தை நிறுத்தாமல்தான். அன்று பொறுப்பில் இருந்தவர்களுக்கு அதற்காக நன்றி சொல்கிறேன். ஆனால் ஒருவரின் நிதானத்தை நம்பி இருப்பது வேறு, சட்டத்தின் காவலில் இருப்பது வேறு.

அப்படியானால் பொய்யைப் பரப்பி ஊரைக் கொளுத்துகிறவனை விட்டுவிடுவதா? இல்லை. அவனைப் பிடிக்க ஏற்கெனவே சட்டம் உண்டு. அதே தொடர்புச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு 2025 பிப்ரவரியிலிருந்து இன்னும் கடுமையாகியிருக்கிறது. அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை, சிறை 2 ஆண்டு வரை. அந்தப் பிரிவின் வீச்சு எனக்குக் கவலை தருகிறது, அது இன்னொரு மடலுக்கான விஷயம். குற்றம் செய்தவன் மீது கை வைக்க இவ்வளவு அதிகாரம் இருக்கும்போது, குற்றம் செய்யாத லட்சக்கணக்கானவர்களின் இணைப்பை ஏன் அறுக்க வேண்டும்?

பிரிவு 266-ஐ இன்றைய அமைச்சர் தவறாகப் பயன்படுத்துவார் என்று நான் சொல்லவில்லை. அமைச்சர்கள் மாறுவார்கள், அரசாங்கங்கள் மாறும். 2018-க்குப் பிறகு நாமே எத்தனை பிரதமர்களைப் பார்த்துவிட்டோம். மியன்மாரின் கதை இந்த இடத்தில் மிகவும் உறுத்துகிறது. அங்கே 2013-இல் ஒரு தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. நாடு திறந்துகொண்டிருந்த, எல்லோரும் நம்பிக்கையோடு இருந்த காலம் அது. நெருக்கடியில் சேவையை நிறுத்தலாம் என்ற 77-ஆம் பிரிவை அப்போது அதிகம் பேர் கவனிக்கவில்லை. 2019 ஜூனில் ரக்கைன், சின் மாநிலங்களில் அந்தப் பிரிவின்கீழ் இணையத்தை நிறுத்தியது இராணுவ ஆட்சி இல்லை, மக்கள் வாக்களித்து வந்த அரசு. 2021 பிப்ரவரி 1-இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது புதிதாக எதையும் எழுத வேண்டியிருக்கவில்லை. எல்லாம் தயாராக இருந்தது. இன்று அந்த நாட்டு அகதிகள் ஆயிரக்கணக்கில் நம் நகரத்தில் இருக்கிறார்கள். புடு பக்கம் போனால் அவர்களிடமே கேட்கலாம்.

இந்தியாவைப் பார்த்தும் நாம் கற்க வேண்டியது உண்டு. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நிறுத்திய அதிவேகக் கைப்பேசி இணையம் திரும்பி வர 2021 பிப்ரவரி ஆனது. இடையில், 2020 ஜனவரி 10-இல், அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் காலவரையின்றி இணையத்தை நிறுத்தக்கூடாது, ஆணைகளை வெளியிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் 2021 டிசம்பரில் அந்நாட்டின் நாடாளுமன்றக் குழு பார்த்தபோது, எங்கே எத்தனை முறை நிறுத்தினோம் என்ற கணக்கையே மத்திய அமைச்சகங்கள் வைத்திருக்கவில்லை. கலவரத்துக்கு என்று தொடங்கிய பழக்கம், அதே ஆண்டில் ராஜஸ்தானில் ஆசிரியர் தகுதித் தேர்வில் காப்பி அடிப்பதைத் தடுக்க மாவட்டம் மாவட்டமாக இணையத்தை நிறுத்துவது வரை போனது. இணைய உரிமைகளுக்காக இயங்கும் ஆக்சஸ் நவ் அமைப்பின் கணக்கில் 2024-இல் உலகம் முழுக்க 54 நாடுகளில் 296 முடக்கங்கள். மியன்மாரில் 85, இந்தியாவில் 84. ஒன்று இராணுவ ஆட்சி, மற்றொன்று உலகின் மிகப் பெரிய ஜனநாயகம். ஒருமுறை கை பழகிவிட்டால் ஆட்சி முறை பெரிய வித்தியாசம் செய்வதில்லை.

நம் கை அவ்வளவு சுத்தமும் இல்லை. 2015 ஜூலையில், 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிதியின் ஊழல் விவகாரத்தை எழுதிய சரவாக் ரிப்போர்ட் தளம் முடக்கப்பட்டது. ஆகஸ்டில் தூய்மையான தேர்தல் கேட்ட பெர்சே 4 பேரணிக்கு முன்னால் பேரணி பற்றிய தளங்கள். 2016 பிப்ரவரியில் மலேசியன் இன்சைடர். அடுத்த மாதமே அந்தச் செய்தித் தளம் மூடப்பட்டு, அதில் வேலை செய்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சரவாக் ரிப்போர்ட்டை நாம் சுதந்திரமாகப் படிக்க 2018 மே ஆட்சி மாற்றம் தேவைப்பட்டது. அதில் எழுதியிருந்த திருட்டைப் பற்றிப் பின்னர் நம் நீதிமன்றங்களே விசாரித்துத் தண்டனை கொடுத்தன. மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நேரத்தில் தெரிந்துகொள்ள விடாமல் செய்ததற்கு யார் பொறுப்பேற்றார்கள்?

2024 செப்டம்பர் இன்னும் நெருக்கமானது. டிஎன்எஸ் என்பது இணையத்தின் தொலைபேசிப் புத்தகம். தளத்தின் பெயரைத் தட்டினால் அதன் எண்ணைத் தேடிக் கொடுப்பது அதுதான். பலர் கூகள், கிளவுட்ஃபிளேர் நிறுவனங்களின் புத்தகத்தைப் பயன்படுத்துவார்கள். அந்தத் தேடல்களை எல்லாம் உள்நாட்டு நிறுவனங்களின் புத்தகத்துக்கே திருப்பிவிட வேண்டும் என்று மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. சூதாட்டம், ஆபாசம் ஆகியவற்றைத் தடுக்க என்று விளக்கம். மக்கள் கொதித்ததும் அமைச்சர் ஃபாமி ஃபட்சில் தலையிட்டு நிறுத்தச் சொன்னார். கேட்டதற்குக் காது கொடுத்தார், அதைப் பாராட்டுகிறேன். ஆனால் இவ்வளவு பெரிய மாற்றம் நாடாளுமன்றத்துக்கு வராமலே நடக்கவிருந்தது என்பதையும், தொழில்நுட்பம் தெரிந்த சில இளைஞர்கள் கவனித்துக் கூச்சல் போட்டதால்தான் நமக்குத் தெரியவந்தது என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த இளைஞர்கள் செய்தது உங்கள் வேலை.

இதே சட்டத்தின் 3(3) பிரிவு, இந்தச் சட்டத்தில் உள்ள எதையும் இணையத் தணிக்கைக்கு அனுமதியாகப் பொருள்கொள்ளக்கூடாது என்று சொல்கிறது. மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்ற தகவல் தொழில்நுட்பத் திட்டம் தொடங்கிய காலத்தில் உலகத்துக்கே நாம் கொடுத்த வாக்கு அது. அந்த வாக்கை நம்பித்தான் 1999-இல் மலேசியாகினி போன்ற செய்தித் தளங்கள் பிறந்தன. 2007 நவம்பர் 25-இல் இந்திய வம்சாவளியினரின் உரிமை கேட்ட ஹிண்ட்ராஃப் பேரணிக்கு நம் மக்கள் கோலாலம்பூர் வந்து சேர்ந்தபோது, நாளிதழும் தொலைக்காட்சியும் சொல்லாததைக் குறுஞ்செய்தியும் வலைப்பதிவும் சொல்லின. அந்த ஒரு நாளுக்குப் பிறகுதான் நம் தோட்டப்புறக் குறைகள் தேசியப் பேச்சானது. அன்றைக்கு யாராவது பிரிவு 266-ஐ எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். உங்களில் சிலர் இன்று அந்த அவையில் உட்கார்ந்திருப்பதற்கு அந்த நாளும் ஒரு காரணம்.

அப்போது இணையம் செய்திக்கு மட்டும்தான். இப்போது சோற்றுக்கும் அதுதான். ரேபிட் கேஎல் பேருந்தில் ரொக்கம் வாங்குவதில்லை. நாசி லெமாக் கடையில் கைப்பேசியில் பணம் கட்டும் டூயிட்நவ் கியூஆர் அட்டை தொங்குகிறது. உதவித்தொகைக்கு விண்ணப்பம், மருத்துவமனை முன்பதிவு, பிள்ளைகளின் பல்கலைக்கழக மனு, எல்லாம் இணையத்தில். எங்கள் மாடியில் ஒரு அக்கா தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம் செய்து விற்கிறார். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் கைப்பேசியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மாட்டி வைத்திருப்பார், மாவுக் கையோடு தொட்டாலும் அழுக்காகாமல். தீபாவளிக்கு முந்தைய வாரம் மூன்று நாள் இணையம் இல்லை என்றால் அவருக்கு ஆண்டு வருமானத்தில் பெரிய பங்கு போய்விடும். உணவு கொண்டுபோகும் நம் பையன்களுக்குச் செயலி திறக்காத நாள் சம்பளமில்லாத நாள். நட்டஈடு யாரிடம் கேட்பது? அவர்களை இணையத்துக்குப் போகச் சொன்னது அரசாங்கம்தான். போன பிறகு கதவைச் சாத்தும் உரிமையை வரம்பில்லாமல் வைத்துக்கொள்வது நியாயமில்லை.

இன்னொரு விஷயம், இதைப் பேச நம் நாட்டுக்குக் கூடுதல் கடமை இருக்கிறது. கேஎல் சென்ட்ரலில், பிரிக்பீல்ட்ஸ் தலைக்கு மேலே நிற்கும் ஆக்சியாட்டா கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். இலங்கையின் டயலாக்கும் பங்களாதேஷின் ரொபியும் அந்தக் குழுமத்தைச் சேர்ந்தவை. அரசின் முதலீட்டு நிறுவனமான கசானாவும் நம் ஊழியர் சேமநிதி வாரியமும் அதன் பெரிய பங்குதாரர்கள். ஓர் அரசு நிறுத்து என்றால் உரிமம் வாங்கிய எந்த நிறுவனமும் நிறுத்தித்தான் ஆக வேண்டும், அந்த நிறுவனங்களைக் குறை சொல்ல இங்கே வரவில்லை. ஆனால் மியன்மாரில் டெலினோர் நிறுவனம் தனக்கு வந்த உத்தரவுகளை முடிந்தவரை வெளியிட்டது. இராணுவ ஆட்சி வந்து இரண்டு வாரத்தில் அதுவும் முடியாமல் போனது, ஆனாலும் அதுவரை வெளியிட்டது. என் சேமநிதிக் காசு உள்ள நிறுவனமும் எந்த நாட்டில், எந்தத் தேதியில், எந்தச் சட்டத்தின்கீழ் உத்தரவு வந்தது என்று ஆண்டுதோறும் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில் தவறில்லையே. கசானாவைக் கேள்வி கேட்கும் உரிமை நாடாளுமன்றத்துக்கு உண்டு.

சரி, என்னதான் கேட்கிறேன்?

பிரிவு 266-இல் முழு இணையத்தையும் நிறுத்தும் அதிகாரத்தை எடுத்துவிடுங்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட சேவையைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அந்த ஆணை எழுத்தில், காரணத்தோடு, அன்றே அரசிதழில் வரட்டும். மணிக்கணக்கில் காலவரம்பு இருக்கட்டும், அது முடிந்ததும் தானாகக் காலாவதியாகட்டும். நீட்டிக்க வேண்டும் என்றால் உயர் நீதிமன்ற நீதிபதியிடம் போகட்டும். மருத்துவமனை, அவசர அழைப்பு, பணப்பரிமாற்றம் ஆகிய மூன்றும் எந்த நிலையிலும் தொடப்படக்கூடாது. அடுத்த அவைக் கூட்டத்தில் அமைச்சர் எழுந்து நின்று கணக்குச் சொல்ல வேண்டும்.

தளங்களை முடக்கப் பயன்படும் 263-ஆம் பிரிவுக்கும் இதே ஒழுங்கு வேண்டும். எது முடக்கப்பட்டது, யார் கேட்டு, எதற்காக என்ற பட்டியல் எவரும் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். சிறுவர் ஆபாசத் தளங்களின் முகவரியை வெளியிடச் சொல்லவில்லை, எண்ணிக்கையைச் சொன்னால் போதும். செய்தித் தளத்தை முடக்கினால் அவர்களுக்கு முன்னறிவிப்பும் மேல்முறையீடும் இருக்க வேண்டும்.

சட்டத் திருத்தத்துக்குக் காலம் பிடிக்கும் என்பது தெரியும். கேள்வி கேட்கக் காலம் பிடிக்காது. வரும் கூட்டத்தொடரிலேயே உங்களில் ஒருவர் எழுத்துபூர்வமாகத் தொடர்புத் துறை அமைச்சரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். 1998 முதல் இன்றுவரை பிரிவு 266-இன்கீழ் ஆணை ஏதும் பிறந்திருக்கிறதா? 263-இன்கீழ் முடக்கப்பட்ட தளங்களில் செய்தித் தளங்களும் அரசியல் தளங்களும் எத்தனை? 16-ஆவது பொதுத் தேர்தல் காலத்தில் இணையமோ சமூக ஊடகமோ எந்தப் பகுதியிலும் நிறுத்தப்படாது என்று அரசாங்கம் அவையில் உறுதி தருமா? மொரிஷியஸில் 2024 தேர்தலுக்குப் பத்து நாள் முன்னால் சமூக ஊடகத்தை முடக்கிவிட்டு, எதிர்ப்புக்குப் பணிந்து ஓரிரு நாளில் திறந்தார்கள். ஆகவே மூன்றாவது கேள்வியை மிகை என்று தள்ளிவிட வேண்டாம்.

பதில் நாடாளுமன்றப் பதிவேடான ஹன்சார்டில் ஏறட்டும். கேள்வி கேட்டவர் யார், கேட்காதவர் யார் என்பதை எங்கள் மாடியில் உள்ளவர்களுக்கும் கடைக்கு வருகிறவர்களுக்கும் நான் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
செந்தூலில் வசிக்கும் ஒரு வாக்காளர்,
கோலாலம்பூர்